சிங்கப்பூர்க் கொடி: பிறை ஏன், ஐந்து நட்சத்திரம் ஏன், இன்னும் சில சந்தேகங்கள்

ஜூலை பிறந்தால் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் தாழ்வாரங்களில் வரிசையாகக் கொடி தொங்கத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து யார் வந்து தங்கினாலும், மறுநாள் காலை காப்பி டம்ளரோடு தாழ்வாரத்தில் நின்று அதே நான்கு கேள்விகளைக் கேட்பார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து வேறு நான்கு. என் மகளின் பள்ளித் தோழிகள் கேட்பவை எல்லாவற்றையும்விடக் கடினமானவை. வருடா வருடம் வாயால் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

மேலே சிவப்பு, கீழே வெள்ளை, ஒரு நிலா, அஞ்சு நட்சத்திரம். அவ்வளவுதானா?

அவ்வளவுதான். இரண்டு சம பட்டைகள். மேல் பட்டையில் கம்பத்தை ஒட்டிய பக்கம் வெள்ளைப் பிறை, அதற்கு அடுத்து வட்டமாக அமைந்த ஐந்து வெள்ளை நட்சத்திரங்கள். உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3. சிவப்பு எந்தச் சிவப்பு என்றுகூட வரையறை இருக்கிறது: அச்சுத் தொழிலில் பான்டோன் 032 என்று சொல்லும் நிறம். மலிவுக் கடையில் வாங்கிய கொடி இரண்டு மழையில் ஆரஞ்சாகிவிட்டால் அது கடைக்காரரின் நிறம், அரசாங்கத்தினுடையது அல்ல.

அதிகாரபூர்வ விளக்கம் இது. சிவப்பு, உலகச் சகோதரத்துவமும் மனித சமத்துவமும். வெள்ளை, என்றும் நிலைக்கும் தூய்மையும் நற்பண்பும். பிறை, வளர்ந்துவரும் இளம் நாடு. ஐந்து நட்சத்திரங்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். இங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை எழுப்பிவிட்டுக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்.

பிறை இருக்கே, சிங்கப்பூர் முஸ்லிம் நாடா?

இல்லை. சிங்கப்பூருக்கு அரசாங்க மதம் கிடையாது. மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். மேலே சொன்னபடி பிறைக்கு அரசு தரும் பொருள் "இளம் நாடு", மதம் அல்ல.

ஆனால் கேள்வி கேட்டவரை நான் ஒருபோதும் கிண்டல் செய்வதில்லை. பிறையைப் பார்த்ததும் இஸ்லாம் நினைவுக்கு வருவது இயல்பு. சொல்லப்போனால், கொடியை வடிவமைத்தவர்களுக்கும் அது நினைவில் இருந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அஞ்சு நட்சத்திரம்னா அஞ்சு இனமா? சீனர், மலாய், இந்தியர், யூரேசியர், மற்றவங்க?

நானே சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். தவறு. ஐந்தும் முதல் பதிலில் உள்ள கொள்கைகள். இனங்களை எண்ணி நட்சத்திரம் வைத்தால் நாளைக்கு எண்ணிக்கை மாறும்போது கொடியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

யார் வரைஞ்சது?

1959இல் ஒரு குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய துணைப் பிரதமர் டோ சின் சாய். தொழிலால் அவர் ஓவியர் அல்ல. உடலியல் கற்பித்த பல்கலைக்கழக விரிவுரையாளர். சுமார் இரண்டு மாதத்தில் வேலையை முடித்தார்கள். 1921இல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிறந்து 2012இல் மறைந்த அவரை இன்று பலருக்கு நினைவில்லை. அன்றைய பிரதமர் லீ குவான் யூவின் பெயர் அவ்வளவு பெரிய நிழல்.

சுதந்திரம் 1965ல தானே? 1959லயே எப்படிக் கொடி வந்தது?

இந்தக் குழப்பம் நியாயமானது, ஏனென்றால் சிங்கப்பூர் ஒரே நாளில் விடுதலை பெறவில்லை. 1959 மே 30 தேர்தலில் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி 51 தொகுதிகளில் 43ஐப் பிடித்தது. ஜூன் மாதம் உள்நாட்டு சுயாட்சி வந்தது. பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில். மற்றதில் பெரும்பகுதி நம் கையில். முழு நாடு இல்லை, முழுக் காலனியும் இல்லை.

அந்த நிலையிலேயே சொந்தக் கொடி, சின்னம், பாட்டு மூன்றும் வேண்டும் என்று புதிய அரசாங்கம் முடிவு செய்தது. சீன வகுப்பு, மலாய் வகுப்பு, தமிழ் வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று தனித்தனியாகப் படித்து வளர்ந்தவர்களை ஒரே இடத்தில் நிமிர்ந்து நிற்கவைக்க ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. 1959 டிசம்பர் 3 அன்று, யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராக, அதாவது யாங் டி-பெர்த்துவான் நெகாராவாகப் பதவியேற்றார். அதே விழாவில் நகர மண்டபப் படிக்கட்டில் கொடியும் அறிமுகமானது. அந்தக் கட்டடம் இப்போது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. ஊரிலிருந்து வருபவர்களை நான் அந்தப் படிகளில் உட்காரவைத்துத்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். வெயில் சாய்ந்த பிறகு போனால் நல்லது.

அதுக்கு முன்னாடி என்ன கொடி?

பிரிட்டிஷ் காலனிகளுக்கென்று இருந்த அச்சுதான்: நீலத் துணி, மூலையில் பிரிட்டிஷ் கொடி, மறுபக்கம் காலனியின் சின்னம். நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஒன்றாக இருந்த காலத்தில் அந்தச் சின்னத்தில் மூன்று கிரீடங்கள் இருந்தன. 1946இல் சிங்கப்பூர் தனிக் காலனியானதும் ஒரு கிரீடம். இடையில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியக் கொடி பறந்தது. அதைப் பார்த்த தலைமுறையினர் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது கொடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பட்டினியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பள்ளிக்கூடத்து விளக்கம் சரி. உண்மையில ஏன் இந்த வடிவம்?

கேட்டவர் என் மைத்துனர். எதையும் நம்பாத மனிதர். இந்தக் கேள்வி மட்டும் சரியான கேள்வி.

குழு முதலில் நினைத்தது முழுச் சிவப்புத் துணி. அமைச்சரவை ஒப்பவில்லை. காரணம், அந்தக் காலத்தில் சிவப்பு என்றால் கம்யூனிசம். மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டு கிளர்ச்சி 1948இல் தொடங்கி இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆளும் கட்சிக்கு உள்ளேயே இடதுசாரிகள் பலமாக இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் முழுச் சிவப்புக் கொடியை ஏற்றினால் ஊர் என்ன பேசும்? ஆகவே பாதி வெள்ளையானது. சிவப்பும் வெள்ளையும் மலாய்ப் பண்பாட்டுக்குப் பழக்கமான நிறங்கள் என்பதும் வசதியாகப் போயிற்று.

அப்புறம் நட்சத்திரம். முதலில் மூன்று போடுவதாக இருந்தது. அதிலும் சிக்கல். ஜப்பானியர் காலத்தில் கம்யூனிஸ்டுகள் நடத்திய மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையினர் தொப்பியில் குத்தியிருந்தது மூன்று நட்சத்திரம்தான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற மூன்று இனத்தைக் குறிப்பதாக. போர் முடிந்து 14 வருடம்தான் ஆகியிருந்தது, பார்த்தவர்களுக்கு மறக்கவில்லை. மூன்று ஐந்தானது. இன்னொரு பக்கம் பார்த்தால், சீன மக்களில் பலருக்கு அந்த ஐந்து சீனாவின் ஐந்து நட்சத்திரக் கொடியை நினைவூட்டியது. பிறை மலாய் முஸ்லிம்களுக்கு "இது சீனர்களின் தீவாகிவிடவில்லை" என்று சொல்லாமல் சொன்னது. இரண்டு தரப்பின் விருப்பத்தையும் சேர்த்ததுதான் இந்த வடிவம் என்று லீ குவான் யூவும் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

அப்படியானால் பள்ளியில் சொல்வது பொய்யா என்று மைத்துனர் உடனே கேட்டார். என் கருத்தில் இல்லை. வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது தாத்தா பெயரில் பாதி, ஜோசியர் சொன்ன எழுத்து, அம்மாவுக்குப் பிடித்த உச்சரிப்பு எல்லாம் கலந்துதான் ஒரு பெயர் வரும். பிறகு அதற்கு ஒரு நல்ல பொருள் சொல்லி வளர்க்கிறோம். அறுபது வருடத்துக்கும் மேல் மூன்று தலைமுறை அந்தப் பொருளைச் சொல்லியே வளர்ந்திருக்கிறது. பேரம் பேசி உண்டான கொடி என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் இந்தத் தீவில் அது எத்தனை நாள் பறந்திருக்கும்?

முழுச் சிவப்பு யோசனை அத்தோட போயிடுச்சா?

முழுவதுமாகப் போகவில்லை. அதிபரின் தனிக்கொடியைப் பாருங்கள்: சிவப்புத் துணியில் வெள்ளைப் பிறையும் ஐந்து நட்சத்திரமும், வெள்ளைப் பட்டை இல்லாமல். அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்குப் போகும்போது கவனியுங்கள்.

மலேசியாவோட சேர்ந்திருந்தப்ப இந்தக் கொடி என்ன ஆச்சு?

1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அப்போது இது மாநிலக் கொடி; அதற்கு மேலே மலேசியக் கொடி. பிரிந்த நாளில் இதுவே தேசியக் கொடியாகிவிட்டது. அவசரமாகப் புதிதாக ஒன்றைத் தைக்க வேண்டியிருக்கவில்லை. 1959இல் முன்கூட்டியே யோசித்தது அந்த வகையில் உதவியது.

ஒரு சுவாரசியம். மலேசியக் கொடியில் 14 பட்டைகளும் 14 முனை நட்சத்திரமும் உண்டு. அந்தப் 14இல் ஒன்று சிங்கப்பூருக்காக இருந்தது. நாம் வெளியே வந்த பிறகும் அவர்கள் அதை எடுக்கவில்லை. இப்போது அந்தப் பதினான்காவதுக்கு மத்திய அரசாங்கம் என்று பொருள் சொல்கிறார்கள். மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பிள்ளைகளிடம் எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

இந்தோனேசியாக் கொடியும் இதேதானே?

சிவப்பும் வெள்ளையும், 2:3 விகிதமும் ஒன்று. பிறையும் நட்சத்திரமும் அவர்களிடம் இல்லை. மொனாக்கோவினுடையதும் அதே இரண்டு பட்டை, ஆனால் 4:5. போலந்து தலைகீழ், வெள்ளை மேலே. நம் கொடி காற்றில்லாமல் சுருண்டு தொங்கும்போது பிறை உள்ளே மறைந்துவிட்டால் உண்மையிலேயே இந்தோனேசியக் கொடி மாதிரிதான் இருக்கும். என் அத்தை ஒருமுறை எதிர் புளோக்கைக் காட்டி "அது யார் வீடு, ஜகார்த்தாக்காரரா?" என்று கேட்டார்.

சிங்கபுரம்னு பேர் வச்சுட்டு சிங்கத்தைக் காணோமே?

கொடியோடு அதே நாளில் வெளியான அரசுச் சின்னத்தில் இருக்கிறது. கேடயத்தில் பிறையும் நட்சத்திரங்களும், அதைத் தாங்கி ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. சிங்கம் சிங்கப்பூர், புலி மலாயாவோடு இருந்த பழைய உறவு. உண்மையில் இந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததே இல்லை, புலிதான் வாழ்ந்தது. ஆனால் பெயரை யார் மாற்றுவது!

பிள்ளைங்க கொடி முன்னாடி நின்னு நெஞ்சுல கைய வச்சுச் சொல்றாங்களே, அது என்ன?

தேசியப் பற்றுறுதி. 1966இல் அதை எழுதியவர் எஸ். ராஜரத்தினம், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். கொடி வந்த 1959இல் அவர் கலாசார அமைச்சர். 1966 ஆகஸ்ட் 24 முதல் பள்ளிகளில் கொடிக்கு முன் நின்று சொல்லத் தொடங்கினார்கள். நான்கு மொழியிலும் உண்டு, தமிழிலும்தான். வலது கையை மடக்கி இடது நெஞ்சில் வைப்பது வழக்கம். தேசிய கீதம் மட்டும் எல்லாருக்கும் மலாயில்: ஸுபிர் சயீத் எழுதி இசையமைத்தது.

வீட்டுல எப்ப வேணா மாட்டலாமா?

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை தாராளமாக. கொடிக்கம்பம் வேண்டாம், இரவு விளக்கும் வேண்டாம். கம்பியில் கட்டி விடலாம், காரிலும் வைக்கலாம். மற்ற மாதங்களில் கொடிக்கம்பத்தில்தான் ஏற்ற வேண்டும், இரவிலும் பறக்கவிட்டால் அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும். வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் கம்பம் எங்கே நடுவது? ஆகவே நடைமுறையில் நமக்கு அந்த மூன்று மாதம்தான்.

சிவப்பு மேலே. தரையில் படக்கூடாது. வேறு கொடிகளோடு வைத்தால் மரியாதையான இடம் இதற்கே. ஒரே உயரம் என்றால் முன்னால் நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம். துக்க நாளில் அரைக்கம்பத்துக்கு இறக்குவது அரசாங்க அறிவிப்பின்படி. 2015 மார்ச்சில் லீ குவான் யூ மறைந்தபோது ஒரு வாரம் அப்படிப் பறந்தது.

இந்த விதிகள் முன்பு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தன. 2022இல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகத் தேசியச் சின்னங்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் அதிகபட்ச அபராதம் 1,000 வெள்ளியிலிருந்து (இங்கே டாலரை அப்படித்தான் சொல்வோம்) 30,000 வெள்ளிக்கு ஏறியது, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பயப்பட வேண்டாம், தெரியாமல் தலைகீழாக மாட்டியவரைப் பிடித்துப் போவதற்காக அல்ல, வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு.

அழுக்காயிடுச்சு. துவைச்சு மூங்கில்ல காயப்போடலாமா?

துவைக்கலாம், துவைக்கவும் வேண்டும். ஆனால் வெளியே காயப்போடக்கூடாது. லுங்கிக்கும் பள்ளிச் சீருடைக்கும் நடுவில் கொடி மூங்கில் கழியில் தொங்குவதை யோசித்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். வீட்டுக்குள் நிழலில் காயவிடுங்கள்.

கிழிந்துவிட்டால், வெளிறிவிட்டால், மேலும் தொங்கவிட வேண்டாம். மூடிய கறுப்புக் குப்பைப்பையில் வைத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குப்பைத் தொட்டியில் மற்றவர் கண்ணில் படும்படி போடக்கூடாது. செப்டம்பர் கடைசியில் கொடியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவதும், மறு ஜூலையில் ஒரு மூலையில் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்ப்பதும் எங்கள் வீட்டுச் சடங்கு.

கொடி போட்ட டீ-சர்ட் போடலாமா? அச்சடிச்சு விக்கலாமா?

தேசிய தினக் காலத்தில், அதாவது மேலே சொன்ன மூன்று மாதத்தில், மரியாதை குறையாமல் அணிவதற்குத் தனி அனுமதி வேண்டாம். வியாபாரம் என்று வந்தால் கதை வேறு. கொடியை வணிக முத்திரையாகவோ விளம்பரத்துக்கோ எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்கென்றே 1986இல் சிங்கத்தலைச் சின்னத்தை உருவாக்கினார்கள், கட்டுப்பாடு குறைந்த மாற்றாக. அந்தச் சிங்கத்தின் பிடரியில் ஐந்து பிரிவுகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கொடியின் ஐந்து நட்சத்திரமும் சொல்லும் அதே ஐந்து கொள்கைகள். சிங்கத்தைக் காணோம் என்று கேட்டவருக்கு இதுவும் ஒரு பதில்.

ஆகஸ்ட் 15க்கு நம்ம இந்தியக் கொடியையும் பக்கத்துல மாட்டினா என்ன?

மாட்டாதீர்கள். வெளிநாட்டு தேசியச் சின்னங்களை அனுமதியில்லாமல் பொது இடத்தில் காட்டுவதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. தூதரகங்களுக்கு விலக்கு உண்டு. நம் தாழ்வாரத்துக்கு இல்லை. எந்த நாட்டுக் கொடியானாலும் இதேதான். பல ஊர்க்காரர்கள் நெருக்கிக்கொண்டு வாழும் இடத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை உலகச் சண்டையாகிவிடக் கூடாது என்ற எண்ணம். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள் ஆனவர்களுக்கு இது கசக்கும், எனக்கும் முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

துறைமுகத்துல சிங்கப்பூர்க் கப்பல் வேற கொடி கட்டியிருந்ததே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். இங்கே பதிவான வணிகக் கப்பல்கள் தேசியக் கொடியைக் கட்டுவதில்லை. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டக் கோடு, அதற்குள் பிறையும் நட்சத்திரமும்: அது வணிகக் கப்பல்களுக்கான தனிக்கொடி. கடற்படைக்கு வேறு. வெள்ளைத் துணி, மேல் மூலையில் நம் கொடி, மற்ற இடத்தில் சிவப்பு எண்முனைத் திசைகாட்டி.

அந்தப் பிறை வளர்பிறையா, தேய்பிறையா?

ஒன்பது வயதுப் பெண் கேட்டாள். அறிவியல் பாடத்தில் வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை, இடப்பக்கம் ஒளிர்ந்தால் தேய்பிறை என்று படித்துவிட்டு வந்திருந்தாள். கொடியில் ஒளிர்வது இடப்பக்கம். வளரும் நாட்டுக்குத் தேய்பிறையா? நான் விழித்தேன்.

பிறகு யோசித்துச் சொன்ன பதில் இது. பாடப்புத்தக விதி பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே இருப்பவர்களுக்குப் பொருந்தும். தெற்கே ஆஸ்திரேலியாவில் அது அப்படியே தலைகீழ். சிங்கப்பூர் ரேகைக்குக் கிட்டத்தட்ட மேலேயே இருக்கிறது. இங்கே மூன்றாம் பிறை வலமும் சாயாமல் இடமும் சாயாமல் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சூரியன் மறைந்த பிறகு பார்த்தால் தெரியும். கொடியில் இருப்பது வானத்தைப் பார்த்து வரைந்த நிலா அல்ல. துருக்கி, மலேசியா கொடிகளில் உள்ளதைப் போலக் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் பிறை.

அவள் திருப்திப்படவில்லை. ஆகவே தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்க் கொடியைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பப் பக்கம் வலப்புறம் வரும், ஒளியும் வலப்பக்கம் வரும். கொஞ்ச நேரம் துணியை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எதிர் புளோக்காரங்களுக்குத்தான் தேய்பிறை" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.